அரணும் நட்பும் குடியும்: இலங்கையின் அயலுறவு உடன்படிக்கைகள் பற்றிய ஒரு திறனாய்வு

தன் எல்லையைத் தானே காக்கும் ஆற்றலும், தன் கருமங்களைத் தானே துணியும் உரிமையும் ஒரு நாட்டின் இறைமைக்கு இரு கண்கள் எனலாம். இவ்விரண்டும் குறைவற வாய்க்கப்பெற்ற நாடு உலகில் அரிது. சிறு நாடுகள் முன்னதைப் பெறுதற்பொருட்டுப் பின்னதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தல் வரலாற்றில் பலகாலும் காணப்படும் நிகழ்ச்சியாகும். ஐரோப்பாவிலே இரு பெரும் போர்களாற் சீரழிந்த நாடுகள், 1949 ஆம் ஆண்டு வட அத்திலாந்திக் உடன்படிக்கையினாலும், 1951 ஆம் ஆண்டு நிலக்கரி உருக்குச் சமூக உடன்படிக்கையினாலும், தம் பாதுகாப்பையும் தம் தொழில்வளத்தின் ஒரு கூற்றையும் அயலாரோடு பொதுவாக்கிக்கொண்டன. அதனால் அவை இறைமையை இழந்தனவா, அன்றி அதனை வலியுறுத்திக்கொண்டனவா என்னும் வினா அங்கே இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. அதே வினா இலங்கைக்கும் உரியது. அது அங்கு எழுவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே ஈண்டு எழுந்துவிட்டது.

உடன்படிக்கை ஒன்றனை மதிப்பிடுதற்கு வேண்டிய அளவுகோல் தமிழ் மரபிலேயே உண்டு. திருவள்ளுவர் பொருட்பாலில், நாடு என்னும் அதிகாரத்தை அடுத்து அரணையும், அதன்பின் பொருளையும் படையையும், அவற்றை அடுத்து நட்பையும் வைத்தார். நட்பைக் கூறிய அளவில் அமையாது, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு எனத் தனித்தனி அதிகாரங்களும் வகுத்தார். அரணும் படையும் போதாவிடத்து நட்பு வேண்டப்படும் என்பதும், அந்நட்பும் ஆராயாது கொள்ளத்தக்கதன்று என்பதும் இவ்வைப்பு முறையாற் பெறப்படும். இனி, அரசனுக்கு உரியனவாக அவர் எண்ணிய ஆறு உறுப்புக்களுள் நட்பும் அரணும் மட்டுமன்றிக் குடியும் ஒன்றாகும். குடியாவார் நாட்டில் வாழும் மக்கள். அவர்களை நீக்கி அரணைப் பற்றிப் பேசுதல் ஓர் உறுப்பைக் களைந்து உடலைக் காக்க முயல்வதனை ஒக்கும். இலங்கை தன் அயலாரோடும் சேய்மையிலுள்ள வல்லரசுகளோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் அரணையும் நட்பையும் கருதிக் குடியை மறந்தன என்பது புலனாகும்.

இவ்வுண்மையைக் காண்பதற்கு ஊவா மாகாணத்தினும் பொருத்தமான இடம் பிறிதில்லை. பதுளை நகரிலிருந்து நோக்குவார்க்குக் கண்ணெதிரே தோன்றும் நமுனுகுல மலை, ஒன்பது கொடுமுடிகளை உடைமையால் அப்பெயர் பெற்றது. 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அதன் சாரலெங்கும் தேயிலைத் தோட்டங்கள். இயற்கை வகுத்த அரண்களுள் ஒன்றாக இம்மலைநாட்டைக் கொள்ளலாம். எனினும், கடலினின்று இத்துணைத் தொலைவிலுள்ள இவ்வூர்களின் வாழ்வைக் கடற்கரைத் துறைமுகங்களைப் பற்றியும் கொழும்பு, இலண்டன், புதுதில்லி ஆகிய நகரங்களைப் பற்றியும் எழுதப்பட்ட உடன்படிக்கைகளே மீண்டும் மீண்டும் மாற்றியமைத்துள்ளன.

முதலிற் பதினேழாம் நூற்றாண்டை நோக்குவாம். 1619 ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதனை மீட்கத் தஞ்சை இரகுநாத நாயக்கர் அனுப்பிய படைகளும் வெற்றி காணவில்லை. கண்டியரசே எஞ்சி நின்றது. 1630 ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையுடன் ஊவாவுட் புகுந்து பதுளையை எரியூட்டினான். திரும்பும் வழியில் வெல்லவாயவை அடுத்த இரந்தெனிவெலையில் அவன் படை சூழப்பட்டது. அப்படையிற் பெரும்பகுதியினர் லஸ்கரின் எனப்படும் உள்நாட்டு வீரர். அவர்கள் தம் தலைவர்களோடு கண்டியரசன் பக்கம் சேர்ந்தனர். தளபதியும் களத்தில் மாண்டான். படைக்கலத்தாலும் பயிற்சியாலும் மேம்பட்டு நின்ற ஒரு படை, தன்னுள் நின்ற மக்களின் நெஞ்சைப் பெறாமையால் அழிந்தது. பாதுகாப்பு என்பது மதிலிலும் பீரங்கியிலும் அடங்கியிருப்பதன்று என்பதற்கு ஊவா தந்த முதற் சான்று இது.

களத்தில் வென்ற கண்டியரசு கடலில் வெல்லும் வலிமையற்றிருந்தது. ஆதலின் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638 ஆம் ஆண்டு மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை கைப்பற்றப்பட்டது. அம்மாதமே வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியோடு உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. போர்ச்செலவை மன்னன் கறுவா முதலிய பண்டங்களாற் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை நிறுத்துதல் பற்றிய பிரிவே பின்னர்ப் பூசலுக்கு வித்தாயிற்று. மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் அவ்வாறு விரும்பினால் என்னும் பொருள்படும் தொடர் இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அத்தொடர் காணப்படவில்லை.

ஒரு சிறு தொடரின் இருப்பும் இன்மையும் ஓர் அரசின் ஊழை நிருணயித்தன. 1640 ஆம் ஆண்டு காலியும் நீர்கொழும்பும் பிடிபட்டபின் அவை மன்னனுக்கு மீளவில்லை. 1656 ஆம் ஆண்டு கொழும்புக் கோட்டை வீழ்ந்தபோது, அதன் முற்றுகையில் துணைநின்ற மன்னனுக்கு அதன் வாயிற்கதவு அடைக்கப்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்னும் சிங்களப் பழமொழி, போர்த்துக்கேயரைத் துரத்தி ஒல்லாந்தரைப் பெற்ற இந்நிகழ்ச்சியோடு சார்த்தி வழங்கப்படுகின்றது. ஆயின் மன்னன் துணை நாடியதைக் குற்றமாகக் கூறுதல் பொருந்தாது. கடற்படையற்ற ஓர் அரசு வேறு யாது செய்யவியலும்? இரு மொழியில் இரு பொருள் தரும் ஆவணத்தை ஒரே உடன்படிக்கை எனக் கொண்டமையே வழுவாகும்.

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட கண்டி உடன்படிக்கையிலோ இவ்வகை மொழிக்குழப்பம் பெரிதன்று. அதன் குறை வேறிடத்திலுள்ளது. பிரதானிகள் ஒருபுறமும் பிரித்தானிய ஆள்பதி மறுபுறமுமாக நின்று ஓர் அரசையே கைமாற்றினர். அதன்கீழ் வாழவேண்டிய மக்கள் அதில் யாதொரு பங்கும் பெற்றிலர். இரண்டு ஆண்டுகள் கழிந்து 1817 ஆம் ஆண்டில் ஊவாவும் வெல்லசையும் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொலை தானே கிளர்ச்சியாளரோடு சேர்ந்து, 1818 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் கொலைத்தண்டம் பெற்றான். அதற்கு ஐந்து நாள் முன்னரே, நவம்பர் 21 ஆம் நாள், ஒரு பிரகடனத்தின் மூலம் பிரதானிகளின் உரிமைகள் பெரிதும் குறைக்கப்பட்டன. இருவர் இசைந்து செய்த ஆவணத்தை ஒருவர் தம் விருப்பப்படி மாற்றியமைத்தனர். மக்களின் உடன்பாடின்றி எழுந்த இணக்கத்தை மக்களும் காக்கவில்லை. அதனாற் பயன்பெற்ற வல்லரசும் காக்கவில்லை.

இனி விடுதலைக் காலத்து ஆவணங்களுக்கு வருவாம். 1947 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் டி. எஸ். சேனநாயக்கவும் பிரித்தானிய ஆள்பதியும் பாதுகாப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். இரு நாடுகளின் பாதுகாப்புக்கும் வேண்டிய படையுதவியை ஒருவர்க்கொருவர் அளித்தல், இருவரும் இசையும் அளவிற்குப் பிரித்தானியப் படைகள் இலங்கையில் தங்குதல் என்பன அதன் சாரம். அது 1948 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் விடுதலையோடு உடன் நடைமுறைக்கு வந்தது. அது முடிவுறும் காலம் யாது என்பது அதில் வரையறுக்கப்படவில்லை. அதே 1948 ஆம் ஆண்டில் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை கோரியபோது, அதன் இறைமை முழுமையானதா என்னும் ஐயத்தைக் காட்டிச் சோவியத்து ஒன்றியம் தன் தடுப்புரிமையைப் பயன்படுத்தியது. 1955 ஆம் ஆண்டு திசெம்பர் மாதமே இலங்கைக்கு அவ்வுறுப்புரிமை வாய்த்தது.

இவ்வாவணத்தை முற்றாக இகழ்தல் நீதியன்று. இருவரும் இசைந்தவாறு என்னும் தொடர் அதில் இடம்பெற்றமை, 1638 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் விடுபட்ட தொடரை மீட்டெடுத்தமை போலும் எனலாம். அத்தொடரின் வலிமை 1957 ஆம் ஆண்டிற் புலப்பட்டது. எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க பேச்சுவார்த்தையாலேயே திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்கா வான்படைத் தளத்தையும் மீளப் பெற்றார்; ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஊவாவிலுள்ள தியத்தலாவையின் வரலாறும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. 1900 ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போவர்களை அடைத்துவைக்கப் பிரித்தானியர் அமைத்த பாசறை நகரம் அது. 1949 ஆம் ஆண்டு இலங்கைத் தரைப்படை தோன்றியபின் அதுவே அப்படையின் பயிற்சிக் களமாயிற்று. அப்படைக்கு முதற்றளபதியாக இருந்தவர் ஒரு பிரித்தானியப் பிரபு. 1955 ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். இணக்கத்தாற் பெற்ற துணையை இணக்கத்தாலேயே விலக்கும் வழி இருந்தமையால், அந்த ஆவணம் இறைமையை அழிக்கவில்லை.

எனின், அதன் குறைதான் யாது? அக்குறை ஆவணத்தினுள்ளன்றி அதனை எழுதத் தூண்டிய அச்சத்தினுள் உள்ளது. சேய்மையிலுள்ள பிரித்தானியாவின் துணையை இலங்கை அன்று நாடியதற்கு, அண்மையிலுள்ள பெருநாடாகிய இந்தியாவைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அவ்வச்சமே மறு ஆண்டில் வேறொரு வடிவம் கொண்டது. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தமை மட்டும் பிரசாவுரிமைக்குப் போதாதாயிற்று. தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டன் பூட்டன் ஆகியோரின் பிறப்பையோ இலங்கையில் நிகழ்ந்ததாக நிறுவுதல் வேண்டும் எனப்பட்டது. லயக்காம்பிராக்களிற் பிறந்து வளர்ந்த தொழிலாளி அத்தகைய பத்திரங்களுக்கு எங்குச் செல்வான்? 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பிக்கப்பட்டும், ஏறக்குறைய ஆறிலொரு பங்கினரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் 7 இடங்களைப் பெற்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை.

ஓராண்டுக் கால இடைவெளியில் தோன்றிய இவ்விரு ஆவணங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். ஒன்று அயலானுக்கு அஞ்சித் தொலைவிலுள்ளவனை வீட்டினுள் இருத்தியது; மற்றது அதே அச்சத்தால் வீட்டிலிருந்தோரை அயலார் எனப் பெயரிட்டது. பாதுகாப்பு உடன்படிக்கையைப் பற்றி எழுதுவோர் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசாது விடுதலும், பிரசாவுரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் பாதுகாப்பு உடன்படிக்கையை மறந்துவிடுதலும் வழக்கமாகியுள்ளன. இரண்டனையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி அக்காலத்து இறைமைக் கொள்கையின் இயல்பு விளங்காது. தேயிலை விற்றுப் பெற்ற அந்நியச் செலாவணியே புதிய அரசின் பொருள்வலிமைக்குப் பெருந்தூணாயிருந்தது. அத்தேயிலையைக் கொய்தோரை அவ்வரசின் குடியெனக் கொள்ளாமை, வள்ளுவர் எண்ணிய ஆறனுள் பொருளை ஏற்றுக் குடியை விலக்கியதாகும்.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் புதுதில்லியிற் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை இவ்வரலாற்றின் நடுநாயகமான ஆவணம். நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பன. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிக்கப்படும். இவையனைத்தும் 15 ஆண்டுகளுள் நிறைவேற்றப்படும் என்பன அதன் கூறுகள். பிற்படுத்தப்பட்ட அவ்வெண்ணிக்கையினர் 1974 ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் 75,000 வீதம் பகிரப்பட்டனர்.

இவ்வுடன்படிக்கையை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் கேட்டல் வேண்டும். 1962 ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர் அயல்நாடுகளின் நல்லெண்ணம் இந்தியாவுக்கு இன்றியமையாததாயிற்று. அப்போரின் சிக்கலைத் தீர்க்க அவ்வாண்டு திசெம்பர் மாதம் கொழும்பிலே அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கூட்டிய பெருமை சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு உரியது. பதினாறு ஆண்டுகளாகத் தீராதிருந்த ஒரு பிணக்கை இரு அயல்நாடுகள் வாளெடுக்காது, வல்லரசு எதனையும் நடுவராக்காது, தாமே பேசித் தீர்த்தமை சிறுசெயலன்று. 3 இலட்சம் பேர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை உறுதியளிக்கப்பட்டமையும் அதன் நற்பயனே. இவையெல்லாம் மெய்யே.

ஆயினும் அவ்வாவணத்தின் மொழியை உற்று நோக்குவார்க்கு ஒரு செய்தி புலப்படும். அதிற் காணப்படுவன எண்களே. அவ்வெண்களுள் அடங்கிய மாந்தரின் விருப்பம் யாது என்பதை அறிதற்குரிய வாயில் அதில் வகுக்கப்படவில்லை. அவர்களின் தலைவர்கள் அப்பேச்சில் ஒரு தரப்பினராக அமரவில்லை. 1638 ஆம் ஆண்டு ஆவணத்தில் விடுபட்ட தொடர் மன்னனின் விருப்பத்தைக் குறித்தது. 1964 ஆம் ஆண்டு ஆவணத்தில் விடுபட்டது குடிகளின் விருப்பம். ஒரு குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியோராதல் எண்ணளவிற் பிழையாகத் தோன்றாது. வாழ்க்கையளவில் அஃது ஓர் அறுவை.

அறுவை நிகழ்ந்த இடங்களுள் நமுனுகுலச் சாரலும் ஒன்று. 1924 ஆம் ஆண்டு பதுளையை எட்டிய இருப்புப்பாதை தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அமைந்தது. நாற்பதாண்டு கழிந்தபின் அதே பாதை, பதுளை, பசறைப் பகுதிகளின் தோட்ட மக்களைத் தலைமன்னார் நோக்கிக் கொண்டுசெல்வதாயிற்று. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். பின் மண்டபம் முகாம். இவ்வாறு சென்றோருட் பலர் இந்தியாவை முன்னர்க் கண்டறியாதவர். அவர்களுக்குத் தொழில் அளிக்கும்பொருட்டு 1968 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. ஒரு மலையிற் கொய்த கை மற்றொரு மலையிற் கொய்யத் தொடங்கியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்ஙனம் கடல் கடந்தனர். உடன்படிக்கை குறித்த 15 ஆண்டுகளுள் அது நிறைவேறவில்லை என்பதே, மனிதரை எண்ணாக்கிய கணக்கு மனிதரிடத்திற் செல்லாது என்பதற்குச் சான்று.

ஐரோப்பிய அயல்நாடுகளின் வரலாற்றில் இதற்கு இணையாக இரண்டு முன்மாதிரிகள் உள. 1923 ஆம் ஆண்டு சனவரி மாதம் லோசான் நகரிற் செய்துகொண்ட இணக்கத்தின்படி கிரேக்கமும் துருக்கியும் தம் மக்களைச் சமய அடிப்படையிற் கட்டாயமாகப் பரிமாறிக்கொண்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணைத் துறந்தனர். எல்லைப் பாதுகாப்புக்கு இது உகந்த வழி என அன்று கருதப்பட்டது. மற்றையது ஓலாந்துத் தீவுகளின் வரலாறு. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட அத்தீவுகளின் மக்கள் சுவீடிய மொழி பேசுவோர். சுவீடனோடு சேர விழைந்தனர். 1921 ஆம் ஆண்டு நாடுகளின் கழகம் அத்தீவுகளின் இறைமையைப் பின்லாந்துக்கு அளித்தது; அம்மக்களின் மொழி, பண்பாடு, நிலவுரிமை, தன்னாட்சி ஆகியவற்றைக் காப்பதாகப் பின்லாந்து உறுதி தந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் அயல்நாடுகள் பல கூடி அத்தீவுகளைப் படைவிலக்கிய வலயமாகவும் வகுத்தன.

ஓலாந்து மக்கள் விரும்பியது முற்றும் கிடைக்கவில்லை என்பது மெய். ஆயினும் இறைமை ஒருவர்க்கு, பாதுகாப்பு அனைவர்க்கும், நிலமும் மொழியும் அங்கு வாழ்வோர்க்கு என்னும் முப்பகுப்பு நிலைபெற்றது. 2023 ஆம் ஆண்டு பின்லாந்தும் 2024 ஆம் ஆண்டு சுவீடனும் வட அத்திலாந்திக் உடன்படிக்கையிற் சேர்ந்த பின்னரும் அத்தீவுகளின் தனிநிலை நீங்கவில்லை. நூறாண்டு தாங்கிய இவ்வேற்பாட்டோடு ஒப்பிடுங்கால், 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கை லோசான் இணக்கத்தின் வழியைச் சார்ந்தது என்றே துணிதல் வேண்டும். ஓலாந்தின் வழியை அது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அயல்நாட்டுத் துணை குறித்து இரு பிற்கால நிகழ்ச்சிகளும் ஒப்புநோக்கத்தக்கன. 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் விடியற்காலையில் ஊவாவிலுள்ள வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு இளைஞர் கிளர்ச்சி வெளிப்பட்டது. அரசு பல நாடுகளிடம் உதவி கோரியது. இந்தியா உலங்குவானூர்திகளை அனுப்பியது. அதன் கடற்படை கரையோரத்தைக் கண்காணித்தது. வேண்டிய கருமம் முடிந்ததும் துணைவந்தோர் மீண்டனர். அவ்வாண்டு திசெம்பரில் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் தீர்மானத்தை இலங்கை முன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றியது. எழுதிய ஆவணம் சிறிதாயினும், எல்லையும் காலமும் தெளிவாயிருந்தமையால் அத்துணை இறைமைக்கு ஊறு செய்யவில்லை.

1987 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாளைய இலங்கை இந்திய உடன்படிக்கையோ மாறான இயல்பினது. அதனோடிணைந்த கடிதங்களில், இந்தியாவின் நலனுக்கு ஊறு விளைக்கும் வகையிற் திருகோணமலை முதலிய துறைமுகங்களை எந்நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என இலங்கை இசைந்தது. ஒருவர் நிலத்தை மற்றவர்க்கு எதிராகப் பயன்படுத்த இடங்கொடாமை இருபாற் கடமையாக ஏற்கப்பட்டது. அயல்நாடுகள் தம்முட் கொள்ளத்தக்க நியாயமான ஏற்பாடே அது. ஆயின் வடகிழக்கு மக்களின் எதிர்காலத்தைத் துணிந்த அவ்வாவணத்தில், அம்மக்கள் சார்பில் எவரும் கைச்சாத்திடவில்லை. காக்கவந்த படை போரிடும் படையாயிற்று. 1990 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது மீண்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் வீரரை இழந்திருந்தது. அப்போரில் மாண்ட பொதுமக்களின் துயரும் பெரிது. நட்பு இருந்தும், அரண் இருந்தும், குடி புறத்தே நின்றமையால் விளைந்த கேடு இது.

நமுனுகுலச் சாரலின் மக்களுக்கு நீதி எவ்வாறு வந்தது என்பதும் ஆராயத்தக்கது. 1988 ஆம் ஆண்டின் சட்டமும், அதன்பின் 2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சிய நாடற்றோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கின. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதற்கு உரியோர் என 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். எந்நாள் அவர்களை எண்ணாக்கியதோ அந்நாளே அவர்கள் உரிமைக்கு அடிப்படை நாளாயிற்று. இதனால் இலங்கையின் இறைமை குன்றிற்றா? நாட்டின் பாதுகாப்புக்குத் தீங்கு நேர்ந்ததா? இரண்டும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் அச்சம் அடிப்படையற்றது என்பதை ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து நாடாளுமன்றமே தன் சட்டத்தால் ஒப்பிற்று. இந்தியாவும் இன்று அம்மக்களை வேறு கண்கொண்டு நோக்குகின்றது. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டு, 2017 ஆம் ஆண்டு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தமை அதற்குச் சான்று. அயலுறவின் பொருள் பண்டமாற்றாக இருந்த நிலை நீங்கி வீடாக மாறியமை நல்வளர்ச்சியே.

அண்மைக் காலத்தில் பாதுகாப்புத் துறையில் அயல்நாட்டுக் கூட்டுறவு விரிந்து வருகின்றது. 2019 ஆம் ஆண்டு இந்திய, இலங்கைத் தரைப்படைகளின் மித்ர சக்தி என்னும் கூட்டுப் பயிற்சி தியத்தலாவையிலேயே நடைபெற்றது. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் சாசனம் இந்தியா, இலங்கை, மாலைதீவு, மொரீசியசு ஆகிய நாடுகளாற் கைச்சாத்திடப்பட்டது. 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புக் கூட்டுறவு பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றினைச் செய்துகொண்டன. கைச்சாத்திட்ட அன்று அதன் முழுவாசகம் மக்கள்முன் வைக்கப்படவில்லை. அதனை வெளியிடுமாறு கோரிக்கைகள் எழுந்தன.

அக்கோரிக்கையைக் கட்சிப்பூசல் எனத் தள்ளிவிடுதல் தகாது. ஐரோப்பாவில் ஆறு நாடுகள் 1952 ஆம் ஆண்டு வகுத்த பாதுகாப்புச் சமூக உடன்படிக்கை, 1954 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 ஆம் நாள் பிரான்சிய மன்றத்தில் வீழ்த்தப்பட்டது. அதனால் ஐரோப்பிய ஒற்றுமை அழியவில்லை. மக்கள் ஏற்கத்தக்க வேறு வழிகளை அது தேடிற்று. 2022 ஆம் ஆண்டு யூன் 1 ஆம் நாள் தென்மார்க்கு மக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையில் முப்பதாண்டுகளாகச் சேராது நின்ற தம் நாடு அதிற் சேரலாமா என்பதைத் தாமே வாக்களித்துத் துணிந்தனர். மூவரில் இருவர் ஆம் என்றனர். ஒரு நாடு தன் இறைமையின் ஒரு கூற்றைப் பொதுவாக்க எண்ணுங்கால், அவ்விறைமைக்கு உரியவரையே வினவுதல் முறை. அங்ஙனம் வினவிப் பெற்ற விடை உடன்படிக்கைக்கு வலிமை தருமேயன்றிக் குறை தராது.

இதுகாறும் கூறியவற்றால், அயலாரோடு பாதுகாப்பைப் பொதுவாக்குதல் இறைமைக்குப் பகையன்று என்பது பெறப்படும். இலங்கையின் ஆவணங்கள் கற்பிக்கும் சோதனைகள் மூன்று. ஆவணத்தின் வாசகம் இரு தரப்பார்க்கும் ஒரே பொருளைத் தருகின்றதா என்பது முதலாவது; 1638 ஆம் ஆண்டு உடன்படிக்கை அச்சோதனையில் தோற்றது. துணையை விலக்கும் வழி இணக்கமாக உண்டா என்பது இரண்டாவது. 1947 ஆம் ஆண்டு உடன்படிக்கை, காலவரையறையின்றியும், ஒருவாறு அதில் தேறியது. அவ்வாவணத்தாற் பாதிக்கப்படும் மக்கள் அதனுள் ஒரு தரப்பாக நின்றனரா என்பது மூன்றாவது. இச்சோதனையில் 1815, 1964, 1987 ஆம் ஆண்டு ஆவணங்கள் மூன்றும் தோற்றன. 2025 ஆம் ஆண்டு ஒப்பந்தமும் இம்மூன்றனுக்கும் விடை கூறக் கடமைப்பட்டது.

தோட்டங்களிலே லயங்களை விட்டுத் தனி வீடும், அதற்கென 7 பேர்ச் நிலமும் உறுதிப்பத்திரமும் கோரும் குடும்பங்கள் இன்றும் உள. கொடுமுடிகள் ஒன்பதும் ஊவாவுக்கு இயற்கை தந்த அரண். அவற்றின் அடியில் வாழ்வோர் தம் வீட்டு நிலத்துக்கு உரியோராதலே அரசு தரவேண்டிய அரண். அயல்நாட்டோடு இனிச் செய்யப்படும் எந்த உடன்படிக்கையின் தகுதியும் துறைமுகங்களின் கணக்கால் மட்டும் அளக்கப்படுதல் தகாது. அத்தோட்டங்களிற் பிறக்கும் ஒரு குழந்தை, தான் எந்நாட்டுக்கு உரியது என்று பிறரை வினவும் நிலை மீண்டும் வாராதவாறு அது காக்கின்றதா என்பதாலும் அளக்கப்படல் வேண்டும்.